சாம்பல் பூசாத கன்று

நேற்று என் பழைய பிஸ்கட் டின் கண்ணில் பட்டது. டிக்கோயாவில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது குண்டூசியில் குத்தி வைத்த பூச்சிகள் அதில் இருக்க வேண்டும். இப்போது தலவாக்கலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்ற அவசரத்தில் மூடியை நெம்பினேன்.

எல்லாம் சித்தியின் கன்றில் பிடித்தவை. நான் பரீட்சை எழுதிவிட்டுச் சித்தி வீட்டில் இருந்த காலம். பிறந்து இருபது நாள்கூட ஆகாத கன்று, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து கழுத்து முறிந்து செத்தது. சித்திக்குக் காய்ச்சலில் தாய்ப்பால் வற்றியிருந்தது. கைக்குழந்தையான தங்கச்சிக்கு அந்தப் பசுவின் பால்தான். கன்றைக் காணாவிட்டால் பசு பால் சுரக்காது. சித்தப்பா தோலை உரித்து, உப்பும் அடுப்புச் சாம்பலும் தேய்த்துக் காயவைத்து, உள்ளே மானாப்புல் அடைத்துத் தைத்துப் பசுவின் முன் நிறுத்தினார். அதை நக்கிக்கொண்டே பசு பால் கொடுத்தது. தோலைப் பூச்சி அரிக்காமல் தினமும் சாம்பல் பூசுவது என் பொறுப்பு.

தோலுரித்த உடலை நாய் இழுக்காதபடி பள்ளத்தில் போட்டுச் சுற்றிலும் கல் அடுக்கி, தினமும் போய்ப் பார்த்தேன். முதல் நாளே பச்சை ஈக்கள். பிறகு உலை அரிசி போல் புரளும் புழுக்கள். அந்தப் புழுக்களைத் தின்ன, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் கறுப்பு வண்டுகள். சதை தீர்ந்ததும், குளம்பில் ஒட்டிக் காய்ந்த தோலைத் தேடிச் சின்ன வண்டுகளும் அவற்றின் மயிர்ப்புழுக்களும் வந்தன. ஒரு சாவுக்கு இத்தனை விருந்தாளிகளா! மூக்கைப் பொத்திக்கொண்டு கொப்பியில் எழுதினேன்.

"நம்ம டாக்டரு பொணத்துக்கு நாடி பாக்கப் போறாரு. வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்கு வாடான்னாத்தான் காலு வலிக்கும்" என்பார் சித்தப்பா.

மயிர்ப்புழுக்கள் பதப்படுத்திய தோலில் வளருமா? ஒரு பிடி அள்ளி வந்து புல்கன்றின் வயிற்றுத் தையலுக்குள் விட்டேன். செத்துவிடுமே என்று சாம்பல் பூசுவதையும் நிறுத்தினேன்.

"சாம்பல் பூசினியா ராசா?" கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டே சித்தி கேட்பாள்.

"பூசிட்டேன் சித்தி."

புழுக்கள் வளர்ந்தன. அளந்து அளந்து எழுதினேன். ஒரு காலை, பசு நக்கியபோது மயிர் கொத்தாக நாக்கோடு வந்தது. தையல் விட்டுப் புல் சரிந்தது. பசு முகர்ந்து பார்த்தது. பிறகு வாளியை உதைத்தது. அதற்கப்புறம் மடியில் யாரையும் கைவைக்க விடவில்லை.

சித்தி போத்தலோடு லயம் லயமாக அலைந்தாள். கிடைத்த அன்று பால், கிடைக்காத அன்று கஞ்சித்தண்ணீர். அடைமழையில் தங்கச்சிக்கு வயிற்றோட்டம் கண்டது. மூன்றாம் நாள் போய்விட்டாள். குளிர் என்றார்கள், கண்ணேறு என்றார்கள். சித்தி மட்டும் மாட்டுப்பட்டிக்குப் போய், அந்தக் கிழிந்த தோலை மடியில் போட்டு விரித்தாள். உள்ளே மயிர்ப்புழுக்கள். ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை.

"பூசிட்டேன்னு சொன்னியே ராசா."

அதன்பின் என்னை ராசா என்று அவள் கூப்பிட்டதே இல்லை.

நேற்றுத் திறந்த டின்னுக்குள் குண்டூசிகள் மட்டும் நின்றன. பூச்சிகளையெல்லாம் ஏதோ தின்றுவிட்டிருந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் தூள்; அதற்குள் ஒரு மயிர்ப்புழு ஊர்ந்தது. என் கை தானாகக் கொப்பியைத் தேடிப் போனது. அந்தக் கையைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.