தனியே கேட்க வேண்டிய கேள்வி

கல்முனைப் பெண்களின் வாழ்வு எதனால் நலமாகிறது, எதனால் மாறுகிறது என்று பல்கலைக்கழக மெய்யியல் விரிவுரையாளர் ஒருவர் ஆராய்ந்தார். அவருக்காக நான் வீடு வீடாகக் கேள்வித்தாள் நிரப்பினேன். பெண்ணைத் தனியே வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது அவருடைய விதி.

என் மூத்த சகோதரி ராத்தாவின் வீட்டில் அவள் கணவர் மச்சானும் உட்கார்ந்திருந்தார். மூத்தவரை எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மகளை மடியில் வைத்தபடி வரிசையாக வாசித்தேன்.

"வீட்டில் யாராவது உங்களை அடிப்பதுண்டா?"

"ஓம்" என்றாள் ராத்தா.

மச்சான் தேநீர்க் கோப்பையை அவள் முகத்தில் எறிந்தார். உதடு கிழிந்தது. தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். மகள் வீறிட்டாள். நான் அவளை இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றேன்.

ராத்தா அவர் கையைக் கடித்து விடுபட்டாள். "இது என்ட வாப்பா எனக்குச் சீதனமா எழுதித் தந்த ஊடு. வெளிய போங்க!"

அயலவர்கள் வாசலில் கூடியதும் அவர் போனார்.

"என்னாலதான் ராத்தா..."

"நீ கேக்காட்டியும் அடிக்கிறவன்தான். அடுத்த கேள்விய வாசி, புள்ள."

தாளில் இரத்தம் பட்டிருந்தது. புதுத் தாளில் எழுதிக் கொடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில், 'தனியே கேட்கப்பட்டதா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, அதையே கொடுத்தேன்.