குரங்குக்குத் தீட்டு

எங்கள் தெருவில் குரங்கு செத்தால் அழ ஆள் இருக்காது, கும்பிடத்தான் கூட்டம் வரும். செஞ்சியில் குரங்குக்குப் பஞ்சமில்லை. கோட்டை பார்க்க வருகிறவர்களின் பன்னையும் பிஸ்கட்டையும் பிடுங்கித் தின்று அலுத்துப்போனவை ராஜகிரியிலிருந்து இறங்கி எங்கள் மொட்டைமாடிகளுக்கு வந்துவிடும். அவற்றில் காது கிழிந்த பெண் குரங்கு ஒன்று எனக்குப் பழக்கம். அம்மா காயவைத்த வடகத்தில் பாதியை அது தின்றது, பாதியை நான் தின்றேன். அடி மட்டும் முழுதாக எனக்கே விழுந்தது.

நான் ஏழாவது படித்த வருஷம், ஆடி மாதத்தில் அது கரண்ட் கம்பியில் மாட்டிச் செத்துப்போனது. மஞ்சள் துணி வந்தது, மாலை வந்தது, தேங்காய் உடைத்தார்கள். "ஆஞ்சநேயரே நம்ம தெருவத் தேடி வந்து உயிர வுட்டுருக்காரு" என்று எதிர்வீட்டு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது பெண் குரங்கு என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பூவரச மரத்தடியில் புதைத்து, போனில் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டு, அவரவர் சாப்பிடப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் அறிவியல் டீச்சர். உயிர் முதலில் தண்ணீரில்தான் உண்டானது, கண்ணுக்கே தெரியாத அளவில். அதுதான் கோடிக்கணக்கான வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக் கிளை கிளையாகப் பிரிந்து மீனாகவும் பல்லியாகவும் புளியமரமாகவும் நாமாகவும் ஆனது என்று அப்போதுதான் நடத்தியிருந்தார். "கொரங்குலேர்ந்து மனுஷன் வந்தான்னு எவளாவது எழுதினா மார்க் கெடையாது" என்று முதலிலேயே எச்சரித்துவிட்டார். குரங்குக்கும் நமக்கும் பொதுவாக ஒரு மூதாதை இருந்தது, அது இன்று இல்லை, அதன் வம்சம்தான் இரண்டு பக்கமாகப் பிரிந்தது என்று பலகையில் ஒரு கிளை வரைந்தார். வகுப்பில் பாதிப் பேர் விழித்தார்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரு தாத்தா, இரண்டு பிள்ளைகள், தனித்தனிக் குடித்தனம். இதற்குத்தான் எங்கள் வீட்டில் பங்காளி என்று பெயர்.

பங்காளி செத்தால் தீட்டு. தீட்டு உள்ளவர்கள் கோயில் படி ஏறக் கூடாது. சாமி என்று சொல்லிவிட்டால் ஒரு தேங்காயோடு முடிந்துபோகிறது, சொந்தம் என்றால் அல்லவா கஷ்டம்! அதனால்தான் இவர்கள் அதைச் சாமியாக்கிவிட்டார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நான் விடுவதாக இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கரகம் எடுக்க நைனாவுக்குக் காப்பு கட்ட வேண்டும். அது எங்கள் குடும்பத்துக்கு உரிய மரியாதை, ஆனால் இடையில் பறிபோயிருந்தது. நைனாவின் தம்பி, அதாவது என் சித்தப்பா, வேறு சாதியில் தான் விரும்பிய பெண்ணைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் குடிபோனதிலிருந்து தெருப் பெரியவர்கள் எங்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். நைனா அவரைத் தலைமுழுகினார். சும்மா வாய்ப்பேச்சுக்கு இல்லை. எல்லாரும் பார்க்க, செத்தவருக்கு முழுகுவதுபோலவே குழாயடியில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கரகம் எங்கள் வீட்டுக்குத் திரும்பியது.

கோயிலில் பம்பை முழங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் வேட்டி கட்டிய நைனா வலது கையை நீட்டினார். பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்தார். நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய் நின்றேன்.

"காப்பு கட்டாதீங்க. எங்களுக்குத் தீட்டு."

பம்பை நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் நைனாவைத்தான் பார்த்தார்கள்.

"இன்னா தீட்டு கண்ணு?" என்றார் பூசாரி.

"கொரங்கு செத்துச்சில்ல? அது நம்ம பங்காளி."

அப்போது சிரித்தார்கள் பாருங்கள்! ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர்களைப் போலச் சிரித்தார்கள். அம்மா பின்னாலிருந்து என் தொடையைக் கிள்ளினாள். நான் அசையாமல் தண்ணீரில் தொடங்கிக் கிளை வரைக்கும் முழுப் பாடத்தையும் ஒப்பித்தேன். பூசாரி நியாயஸ்தர், கடைசிவரை கேட்டார்.

"ஏழு தலைமொறைய தாண்டிட்டா தீட்டு இல்லம்மா. நீ சொல்ற பாட்டன் ரொம்ப தூரத்துல கெடக்கறான்."

இப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை.

"அப்ப ஏழுக்குள்ள இருந்தா கட்டாயம் தீட்டு உண்டா?"

பூசாரி கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். நைனாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"யாரு பங்காளி, யாரு இல்லன்னு நாங்க பாத்துக்கறோம். நீ வூட்டுக்குப் போ."

"நீ இல்லன்னு சொல்லிட்டா இல்லாம பூடுமா நைனா? அது பொறப்புலயே வந்த சொந்தம்!"

நைனா கையை ஓங்கினார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன், ஆனால் முகத்தைத் திருப்பவில்லை. அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அந்தக் கை தொங்கிப்போயிருந்தது. அதை அவர் மறுபடி நீட்டவே இல்லை.

"வேற யாருக்காச்சும் கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பரிணாமம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வாரம்தான் அரசு ஆஸ்பத்திரியில் சித்தப்பாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. பங்காளி வீட்டில் சாவு மட்டுமல்ல, பிறப்பும் தீட்டுதான். அது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும், நைனாவுக்கும் தெரியும். வாயைத் திறக்காவிட்டால் குழந்தை பிறக்காததாகிவிடும் என்று ஒரு தெருவே இருந்திருக்கிறது. கரகத்தைக் கெடுத்தவள் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும். இன்னொரு தடவை வாய்ப்புக் கிடைத்தால் இன்னும் சத்தமாகச் சொல்வேன்.

கோயில் படியிறங்கிய கையோடு நைனா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார். வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரில் கொண்டுபோய் நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை, இறங்கவும் இல்லை. மஞ்சள் வேட்டியோடு மாடி ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு நைனா ஒடம்பு சரியில்ல?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. எல்லாம் நல்லாத்தான் இருக்காங்களாம்."

நல்லா இருக்கிறவர்களுக்காக எதற்கு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்க வேண்டும்? பெரியவர்களுக்கு அறிவியல் மட்டும் இல்லை, சாதாரண அறிவும் கம்மிதான் என்று முடிவுகட்டிக்கொண்டு, பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.