மூன்று சாமி ஒட்டிய அட்டை

குண்டசாலைப் பக்கம் காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்க வரும் ஓட்டோ யோகராஜுடையது. தங்கமான மனுசன். ஒரே ஒரு குறை, யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல வாய் வராது. தேர்தல் நேரத்தில் இரண்டு கட்சிக்கும் அவனே போஸ்டர் ஒட்டிக் கொடுத்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவனிடம் தினமும் மீன் பணிஸ் வாங்கும் யாழ்ப்பாணத்து டொக்டர் தர்ஷனா ஒருநாள் கேட்டார்.

"எச்.ஐ.வி.க்கு ஒரு தடுப்பூசி பரிசோதிக்கிறம். நோயில்லாத ஆக்கள் வேணும். கட்டாயம் இல்லை, யோசிச்சுச் சொல்லுங்கோ."

"சரிங்க டொக்டர்" என்றான். யோசனையெல்லாம் அப்புறம்தான் வந்தது.

கண்டியிலுள்ள ஆய்வு நிலையத்தில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து விளக்கினார்கள். ஊசியில் கிருமி கிடையாது, அதன் மேல்தோலைப் போலச் செய்த ஒரு துண்டுதான். அதைப் பார்த்து உடம்பு பிறபொருளெதிரி என்ற காவல்காரர்களை உண்டாக்கும். சாதாரண இரத்தப் பரிசோதனை கிருமியைத் தேடாது, இந்தக் காவல்காரர்களைத்தான் தேடும். அதனால் நோயே இல்லாமல் 'பொசிட்டிவ்' என்று வரலாம். அப்படி வந்தால் காட்டச் சொல்லி மூன்று மொழியிலும் அச்சடித்த ஓர் அட்டையையும் கொடுத்தார்கள்.

அங்கேதான் இவன் புத்தி வேலை செய்தது. மனைவி கிருஷாந்தி துணி துவைக்குமுன் சட்டைப்பையைத் துழாவுபவள். அட்டையில் மூன்று இடத்தில் எச்.ஐ.வி. என்ற எழுத்துகள். ஓட்டோவில் ஒட்ட வாங்கிவைத்திருந்த ஸ்டிக்கர்களை எடுத்தான். சிங்களத்தின் மேல் பிள்ளையார், தமிழின் மேல் முருகன், ஆங்கிலத்தின் மேல் அம்மன். மூன்று ஊசியும் போட்டு முடிந்தது. வீட்டில் மூச்சுவிடவில்லை.

பிறகு மைத்துனன் சதீஸ், கட்டாரில் டிரைவர் வேலை இருக்கிறது வாங்க மச்சான் என்றான். அதற்கும் சரி. வெளிநாட்டு மெடிக்கலுக்கு இரத்தம் கொடுக்கும்போது ஞாபகம் வந்து அட்டையை நீட்டினான். கவுண்டரில் இருந்த பெண் மூன்று சாமியையும் பார்த்துவிட்டு, "கோயில் காட் எல்லாம் இங்க வேணாம் ஐயா" என்று திருப்பிக் கொடுத்தாள். இல்லை தாயி, இது வேறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்வானா? சரிங்க என்று பையில் போட்டுக்கொண்டான்.

நாலாம் நாள் ரிப்போட் வந்தது. அவன் போனில் எந்நேரமும் பாண் கேட்டு ஆட்கள் கூப்பிடுவதால் படிவத்தில் கிருஷாந்தியின் நம்பரைத்தான் கொடுத்திருந்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கதிரையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாருங்க அவ?"

"எவ?"

"பொசிட்டிவாம். மெடிக்கல்ல இருந்து சொன்னாங்க. யாரு அவ?"

யோகராஜ் சட்டைப்பையில் கையை விட்டான். அட்டையை எடுத்து முருகனை நகத்தால் சுரண்டினான். முருகனோடு எழுத்தும் கிழிந்து வந்தது. வாயால் சொல்லிப் பார்த்தான்.

"உள்ள காவல்காரன் மட்டுந்தான் இருக்கான் கிருஷாந்தி. திருடன் இல்ல."

"திருடன் வராத வீட்டுக்கு எவன் காவல் போடுவான்?"

பதினொரு வருசத்தில் அவள் அவனை இப்படிப் பார்த்ததில்லை. கட்டார் போனால் போகட்டும், இவள் நம்பாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று டொக்டர் தர்ஷனாவுக்குப் போன் எடுத்தான்.

மறுநாள் பாண் வியாபாரத்தை விட்டுவிட்டு இருவரும் ஆய்வு நிலையத்துக்குப் போனார்கள். நடுவில் ஒரு கதிரையைக் காலியாக விட்டுத்தான் அவள் உட்கார்ந்தாள். இம்முறை கிருமியையே தேடும் பரிசோதனை. பின்னேரம் தர்ஷனா வந்து, கிருமி ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஊசியால் வந்தது என்றார்.

கிருஷாந்தி விடுவதாக இல்லை. "ஊசி போட முந்தி இவருகிட்ட என்னென்ன கேட்டீங்க டொக்டர்?"

"அதை நான் சொல்லக்கூடாது அம்மா."

"காட்டுங்க டொக்டர்" என்றான் யோகராஜ்.

ஊசிக்கு முன் அவன் நிரப்பிய படிவத்தின் கோணல் எழுத்தை அவள் விரல் வைத்து வாசித்தாள். மனைவியைத் தவிர வேறு தொடர்பு உண்டா? கிடையாது. கடைசியில், வீட்டில் யாருக்கு அறிவிக்கலாம் என்ற இடத்தில், 'கிருஷாந்திக்குச் சொல்ல வேண்டாம். பாவம், பயப்படுவாள்.'

படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

பஸ்ஸில் ஏறியதும் முதல் வேலையாகத் தம்பி சதீஸுக்குப் போன் எடுத்தாள். "அவரு வரமாட்டாரு" என்று வைத்துவிட்டாள். அவ்வளவு சுலபமா அது என்று யோகராஜ் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"நோய்க்கு நான் பயப்படலங்க" என்றாள். "எனக்குத் தெரியாத ஒரு ஆளா இருந்துட்டீங்களேன்னுதான் நேத்துலருந்து செத்துக்கிட்டு இருந்தேன்."

"தப்புத்தான்" என்றான். கண் கலங்கிவிட்டது.

"எந்தக் கையில போட்டாங்க?"

"இடது."

இடது புஜத்தைப் பிடித்து, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு கிள்ளுக் கிள்ளினாள். அவன் போட்ட சத்தத்தில் கொண்டக்டர் திரும்பிப் பார்த்தார். கிள்ளிய இடத்தில் வைத்த கையைக் குண்டசாலையில் இறங்கும்வரை அவள் எடுக்கவில்லை.