வீங்கின முரசு

மானிப்பாயில் பல் டொக்டர் என் பல்லுக் கம்பியை இறுக்கிவிட்ட மறுநாளே பல்லைச் சுற்றியிருக்கிற முரசுச் சதை தக்காளிப்பழம் போல வீங்கிவிட்டது. பல் நகரும்போது நோகத்தான் செய்யும், நோகுதென்று பல்லுத் தீட்டாமல் விட்டால் முரசு இன்னும் வீங்கும் என்று அவர் சொல்லித்தான் அனுப்பினார். நான் விட்டேன். தொட்டாலே ரத்தம் வந்தால் எவள் தீட்டுவாள்?

நாலைந்து நாள் கழித்து ஒரு பின்னேரம் குண்டு போட பொம்மர் வந்தது. அம்மாவும் நானும் வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் பாய்ந்தோம். குண்டுச் சத்தத்தில் காது வெடிக்காமல் இருக்க எதையாவது கடித்துக்கொண்டு குப்புறக் கிடப்பது எங்கள் வழக்கம். அம்மா கையில் அகப்பட்ட தடியை என் வாய்க்குள் திணித்தா.

“கடி!”

குண்டு அடுத்த ஒழுங்கையில் விழுந்து நிலம் எங்களைத் தூக்கிப் போட்டது. கம்பி அறுந்து, வீங்கின முரசைக் கிழித்தது.

என் வாயால் ரத்தம் கொட்டியதைக் கண்ட அம்மா, “ஐயோ, என்ரை பிள்ளைக்குக் குண்டுத் துண்டு பட்டிட்டுது!” என்று குழறினா.

“முரசு, அம்மா, முரசு” என்று ரத்தத்தைத் துப்பிக்கொண்டே சொன்னேன்.

அம்மா என் வாயைப் பிளந்து பார்த்தா. பிறகு முரசு கிழிந்த பக்கக் கன்னத்திலேயே ஓங்கி அறைந்தா. பொம்மர் இன்னும் தலைக்கு மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

“பல்லுத் தீட்டடி எண்டு எத்தினை தரம் சொன்னனான்!”