மார்கரெட் கேட்ட பூ

"உங்கள் பூவை அனுப்பியாயிற்றா?" என்று பக்கத்து வீட்டு மார்கரெட் வேலிக்கு அப்பாலிருந்து ஆங்கிலத்தில் கேட்டார். யாரோ இறந்துவிட்டார்கள், மலர்வளையம் அனுப்ப வேண்டும்போல என்று நினைத்து, "யாருக்கு?" என்றேன். அவர் என் கையிலிருந்த உறையைக் காட்டிச் சிரித்தார். இங்கே குழந்தைகள் பேச்சில் 'பூ' என்றால் மலம். இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்து பத்தொன்பது ஆண்டுகளாகியும் அந்தச் சொல், புதுச் சொற்களையும் குறித்துவைக்கும் என் நாட்குறிப்பில் ஏறியிருக்கவில்லை. இந்த ஊரில் என்னிடம் இப்படி எதையாவது விசாரிக்கிற ஒரே ஆள் மார்கரெட்தான்.

ஐம்பத்து நான்கு வயதான எனக்கு அரசு மருத்துவத் துறை அனுப்பிய உறை அது. உள்ளே சிறு குப்பி, மூடியோடு சேர்ந்த குச்சி. குச்சியால் மலத்தைத் தொட்டுக் குப்பியில் செருகி, தேதி எழுதித் தபாலில் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குடல் புற்றுநோய் தொந்தரவு தராமலே வளரக்கூடியது. முன்னதாகக் கண்டால் குணமாகும் வாய்ப்பு அதிகம். தேதி எழுதும்போதுதான் மேட்டுப்பாளையத்து அக்கா நினைவுக்கு வந்தார். சென்ற சித்திரையில் போயிருந்தபோது, "வெளிக்குப் போறப்ப ரத்தம் படுது கண்ணு, சூடுதான்" என்று சொல்லி, மோரில் வெந்தயம் போட்டுக் குடித்தார். எங்கள் பக்கத்தில் சூடு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். நானும் 'அக்காவுக்குச் சூடு' என்றே அன்றைய பக்கத்தில் எழுதினேன்.

உடனே போன் செய்தேன். "அக்கா, அந்த ரத்தம் நின்னுபோச்சுங்களா?"

"அத்தன தூரத்துல இருந்து கூப்புட்டுக் கேக்கற கேள்வியா இது? ஊட்ல சம்மந்தியம்மா உக்காந்திருக்காங்க."

"அவங்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

சிரித்தவர் குரலைத் தாழ்த்தினார். "நிக்கல கண்ணு. ஆம்பள டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"சூடுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க. ரத்தம்னே சொல்லுங்க."

என் குப்பியின் முடிவு கடிதமாக வந்தது: மேற்கொண்டு பரிசோதனை தேவையில்லை. அக்காவுக்கு அப்படி உறை அனுப்ப யாருமில்லை. அங்கே நாம்தான் கேட்க வேண்டும். அக்கா போய் ரத்தம் என்றே சொன்னார். ரத்தத்தைக் கண்ணால் பார்த்த பிறகு குச்சி போதாது என்று, கோவை டாக்டர் நேராகக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவே நாள் கொடுத்தார்.

அன்று காலை நான் வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன், கோவையில் மதியம். தன் மகள் பக்கத்தில் இருந்தும் அக்கா போனை வைக்கவில்லை. "பேசாட்டியும் பரவால்ல, லைன்லயே இரு" என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ, "ஏனுங்க, டோக்கன் எங்கீங்க வாங்கறது?" என்று கேட்பது காதில் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே லீட்ஸ் மழை. பிறகு நர்ஸின் குரல் அக்காவின் பெயரைக் கூப்பிட்டது: "ருக்மணி யாருங்க?"

என்னையே கூப்பிட்டதுபோல, பஸ்ஸில் நான் எழுந்து நின்றுவிட்டேன். நான் இறங்கப்போகிறேன் என்று நினைத்துப் பக்கத்து இருக்கைக்காரர் கால்களை ஒடுக்கி வழிவிட்டு, எனக்காக பஸ்ஸை நிறுத்தும் மணியையும் அழுத்தினார். பஸ் நின்றது, கதவு திறந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.