சுவரடிப் பலகைகள்

எருக்கலம்பிட்டியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் படுக்கையறையில், சுவரின் அடியைச் சுற்றி அரை அடி உயரத்துக்கு வேப்பம் பலகை அடித்திருந்தோம். வீட்டுக்காரரிடம் கேட்காமல் அடித்தது. வீட்டை விடும்போது அதைச் சுவர் உடையாமல் எப்படிக் கழற்றுவது என்று யோசித்த அளவுக்கு நான் என் பிரசவத்தைப் பற்றிக்கூட யோசித்ததில்லை. இல்லை, அது பொய். பிரசவத்தைப் பற்றியும் அவ்வளவு யோசித்தேன்.

பலகை அடித்ததற்குக் காரணம் மகள். ஒன்பது மாதத்தில் ஒருநாள் தவழ்ந்து போய்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கிட்டப் போய்ப் பார்த்தால் நாக்கு வெள்ளையாக இருந்தது. கடலில் எடுத்த முருகைக்கல்லில் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய வீடு அது. அடிச்சுவரில் உப்புப் பூத்து, பெயின்ற் செதில் செதிலாக உதிரும். அதைத்தான் விரலால் தொட்டுத் தொட்டு நக்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "கொஞ்சம் வாய்க்குள்ளை போனால் ஒண்டும் செய்யாது, கொண்டு போங்கோ," என்று அனுப்பிவிட்டார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்காமல் வந்துவிட்டேனே என்று வழியெல்லாம் நினைத்தேன்.

என் கணவர் படகு எஞ்சின் திருத்துபவர். பேசாலையில் எழும்பிக்கொண்டிருந்த எங்கள் சொந்த வீட்டுக்குக் கட்டில் செய்யவென்று வேப்பம் பலகை வாங்கி வைத்திருந்தார். நான் அழுததைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்த கையோடு அதை அறுத்து, அறை முழுக்க அடித்து முடித்தார். பின்னால் பசை, இடைக்கிடை சின்ன ஆணி, மேல்விளிம்பில் இழுத்து மூடிய பெயின்ற். எதைச் செய்தாலும் உள்ளே தண்ணீர் போகக்கூடாது என்பதுபோலத்தான் செய்வார்.

"தாத்தாவிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்," என்றார், எல்லாம் முடிந்த பிறகு.

தாத்தா என்றது வீட்டுக்காரப் பெண்ணை. எருக்கலம்பிட்டியில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாங்களும் பழகிவிட்டோம். இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். நோன்பு நாட்களில் அவர் வீட்டுக் கஞ்சி எங்களுக்கும் வரும். கிறிஸ்மஸ் பலகாரத்தில் முதல் தட்டு அவருக்குப் போகும். நான் வயிற்றுப் பிள்ளையோடு வீடு பார்க்கப் போன அன்று அவர் சொன்னவை இரண்டுதான். வீடு தன் மகளுக்கென்று வைத்திருப்பது, கலியாணம் சரிவந்தால் விட்டுத்தர வேண்டும். படுக்கையறையில் நிற்கிற அலுமாரி பெரும் பாரம், இடத்தை விட்டு அதை அரக்க வேண்டாம். நான் இரண்டுக்கும் தலையாட்டினேன்.

பலகையைப் பற்றி நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ஒரு கிழமை போனபிறகு சொல்ல ஒருமாதிரி இருந்தது. ஒரு வருடம் போனபிறகு, சொன்னால் ஒரு வருடம் மறைத்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அவர் வந்தால் கூடத்துக் கதிரையில்தான் இருப்பார், மகளை மடியில் வைத்துக் கதைப்பார். அறைக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நல்ல பழக்கம் உள்ள மனுசி என்று நினைத்தேன். அப்படிப்பட்டவருக்கு ஒளித்தேனே என்றும் சேர்த்து நினைத்தேன்.

மகளுக்கு மூன்று வயது நெருங்கும்போது அவருடைய மகளுக்குக் கலியாணம் சரிவந்தது.

"சனிக்கிழமை அசர் தொழுதிட்டு வாறன், மகள்," என்று குரல் செய்தி அனுப்பினார். "எந்த அறைக்கு என்ன பெயின்ற் எண்டு பாக்கோணும்."

எந்த அறைக்கு என்றால் எல்லா அறைக்கும். பதிலுக்கு நானும் குரல் செய்தி பேசினேன். "தாத்தா, ஒரு விசயம்" என்று தொடங்கி நாலு தடவை பேசி, நாலையும் அழித்துவிட்டு, கடைசியில் ஒரு பூப்படம் அனுப்பினேன். சுவர் அவர் தந்தபடியே இருந்தால் சொல்லவே தேவையில்லை என்றும் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. கணக்குப் பிழைத்தால் அவர் முகம் மாறும். என்னைப் பார்த்து அந்த முகம் ஒருநாளும் மாறியதில்லை.

சனிக்கிழமை காலையில் கணவர் ஆள் உயர இரும்பு அலவாங்கோடு அறைக்குள் வந்தார்.

"இஞ்சாருங்கோ, உது கிணறு வெட்டுறதுக்கு," என்றேன்.

"நுனியை மட்டும்தான் வைப்பன்."

நுனியை மட்டும்தான் வைத்தார். பலகை அசையவில்லை. அலவாங்கு சாய்ந்த இடத்தில் உள்ளங்கை அளவு சாந்து பொத்தென்று விழுந்தது.

பிறகு நான் போனில் வீடியோ தேடினேன். எல்லாரும் சிரித்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கழற்றினார்கள். அந்த வீடுகளின் சுவர் அட்டை. உள்ளே மரச்சட்டம் இருக்கும் இடத்தைத் தட்டிப் பார்த்து அங்கே நெம்பு என்கிறார்கள். எங்கள் சுவரைத் தட்டினால் மணல் கொட்டியது. ஆனால் ஒரு பெண் சொன்னது எடுபட்டது. முதலில் பெயின்றை வெட்டு, இல்லாவிட்டால் பலகையோடு சேர்ந்து சுவரின் தோலும் உரிந்து வரும். சவர பிளேட்டை எடுத்து, மேல்விளிம்பு நெடுக ஒரு கோடு கீறினேன். அவசரப்படாமல் கீறினேன். எனக்கு அவசரப்பட்டுப் பழக்கம் இல்லை, பயப்பட்டுத்தான் பழக்கம்.

பசைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதற்கு வழி கண்டது கணவர்தான். வெளியே போனவர் ஒரு சுருள் தங்கூசியோடு வந்தார். வலைக்கும் தூண்டிலுக்கும் எடுக்கிற நைலோன் இழை, அதிலும் தடித்த ரகம். நான் கீறிய கோட்டுக்குள் அதை நுழைத்து, இருபக்கமும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, வாள் இழுப்பதுபோல இழுத்தோம். கையை வெட்டாமல் இருக்க மகளின் பழைய துணிகளை விரலில் சுற்றிக்கொண்டோம். பலகைக்குப் பின்னால் இழை பசையை அறுத்துக்கொண்டு இறங்கியது. சுவரில் ஒரு அடிகூடப் படவில்லை.

"நான் இழுக்கேக்கை நீ விடவேணும்," என்றார்.

"விட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

"கலியாணம் கட்டி அஞ்சு வருசம். இன்னும் உனக்கு விடத் தெரியேல்லை."

மகள் நடுவில் நின்று, இது தனக்காக ஆடுகிற விளையாட்டு என்று நினைத்துக் கை தட்டினாள்.

இழை ஆணியில் தட்டி நின்றால், அங்கே தோசை திருப்புகிற என் தட்டகப்பையைச் செருகுவோம். சுவரில் ஒரு பலகைத் துண்டை அணைகொடுத்து, அதில் சாய்த்து மெதுவாக நெம்புவோம். ஒரு நூல் இடைவெளி வந்ததும் அடுத்த ஆணிக்குப் போவோம். முதல் பலகை முழுதாகக் கழன்று தரையில் சாய்ந்தபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது.

அதன் பிறகுதான் சுவரைப் பார்த்தேன்.

பலகை இருந்த இடம் கறுத்து, ஈரமாக இருந்தது. உப்பு வெளியே பூத்து உதிர வழியில்லாமல், நாங்கள் மூடிய மூடியின் பின்னால் சாந்துக்குள்ளேயே ஊறியிருக்கிறது. விரல் வைத்தேன். தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கற்போல உள்ளே போனது. நாங்கள் எவ்வளவு பக்குவமாகக் கழற்றினாலும் காப்பாற்ற அங்கே சுவர் இருக்கவில்லை. அடுத்த பலகைக்குப் பின்னாலும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். கணவர் பக்கத்தில் குந்தினார்.

"திருப்பி ஒட்டிவிடுவம். மேலாலை பெயின்ற் அடிப்பினம். வடிவெண்டுதான் நினைப்பினம்," என்றார்.

அவரும் எனக்காகத்தான் சொன்னார். நான் ஒரு பலகையை எடுத்துச் சுவரோடு வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த அறைக்குப் புதுப்பெண் வருவாள். பிறகு ஒரு பிள்ளை இதே நிலத்தில் தவழும். பலகைக்குப் பின்னால் சுவர் கரைந்துகொண்டிருப்பது அந்தத் தாய்க்குத் தெரியாது.

"வேண்டாம்," என்று பலகையைக் கீழே வைத்தேன். மிச்சத்தையும் கழற்றினோம். அலுமாரிக்குப் பின்னால் நுனியை நுழைத்து ஒட்டிய ஒரு துண்டு மட்டும் எட்டவில்லை. அரக்க வேண்டாம் என்ற அலுமாரி அல்லவா.

பின்னேரம், அசருக்குப் பிறகு தாத்தா வந்தார். வாசல் படலையிலேயே நான் தொடங்கிவிட்டேன். பிள்ளை நக்கினது, கேட்காமல் அடித்தது, இரண்டு வருடம் சொல்லாதது, சுவர் போனது, எல்லாம் ஒரே மூச்சில். முன்பின்னாகச் சொன்னதால் பிள்ளைதான் சுவரைத் தின்று முடித்தாள் என்று அவருக்கு விளங்கியிருக்கக்கூடும்.

"உள்ள வரட்டா, இல்ல படலையிலயே அழுது முடிக்கப் போறீங்களா, புள்ள?" என்றார்.

அறைக்குள் வந்தார். சுற்றிப் பார்த்தார். குந்தி, நகத்தால் சாந்தைச் சுரண்டினார். முகம் மாறத்தான் செய்தது. ஆனால் நான் பயந்த மாதிரி இல்லை. என்னைப் பார்க்காமல் கணவரைப் பார்த்தார்.

"தம்பி, அந்த அலுமாரிய இங்கால அரக்குங்க."

"பாரமெண்டனீங்கள்?"

"பாரமில்ல. உள்ளுக்கு ஒண்டுமில்ல."

கணவர் ஒரு கையால் தள்ளினார், வந்தது. பின்னால் என் இடுப்பளவு உயரத்துக்குச் சாந்தே இல்லை. முருகைக்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

"நீங்க வீடு பாக்க வந்த அண்டைக்குக் காலம, நானும் மச்சியும் இத இழுத்து வச்சம்," என்றார் தாத்தா. "படிச்ச புள்ள, வயித்துலயும் ஒண்டு. இதப் பாத்தா ஓடிருவாவெண்டு. மூணு வருசமா இந்த அறைக்குள்ள நான் கால் வச்சனா? 'தாத்தா, இந்தச் சுவருக்கு என்ன?' எண்டு நீங்க கேட்டிருவீங்கெண்டு பயம்."

"நீங்கள் பலகையைப் பாத்திடுவீங்களெண்டு நான் பயந்தனான்."

"நல்ல ஆக்கள் ரெண்டு பேரும்," என்றார் கணவர்.

தாத்தா சிரிக்கத் தொடங்கினார். வாயை முக்காட்டால் பொத்தியும் நிற்கவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாந்தை முழுக்கத் தட்டிவிட்டு, இந்த அறையைக் கொஞ்சக் காலம் பெயின்ற் இல்லாமல் காயவிடச் சொல்லப் போவதாகச் சொன்னார். தன் மகள் கோபிப்பாள், கோபிக்கட்டும் என்றார்.

கடைசித் துண்டு அலுமாரி நின்ற இடத்தின் ஓரத்தில் இருந்தது. கணவர் தங்கூசியை எடுக்க, தாத்தா கையை நீட்டி முனையை வாங்கிக்கொண்டார். மற்ற முனை என்னிடம். அவர் துணி கேட்கவில்லை, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார். இழுத்தோம். அவர் இழுக்கும்போது நான் விட்டேன். கணவரைப் பார்த்துக்கொண்டே விட்டேன்.

துண்டு கழன்று விழுந்தது. நாங்கள் அதை எடுக்கக் குனிந்த நேரத்தில் மகள் சுவரோரம் போயிருந்தாள். சுவரைத் தொட்ட விரல் வாய்க்குப் போனது.

"சீ! துப்பு!" என்று தாத்தாவும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

"உப்பு," என்றாள் அவள்.