மஞ்சள் நூல் கட்டிய புடவை

தி.நகரில் வைரவன் அண்ணாச்சியின் பட்டுக்கடை மாடியில் பதினான்கு வருஷமாகப் புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்துவரும் முத்துலட்சுமிக்கு, பெருங்குடியில் லிசா என்று ஒருத்தி இருப்பது தெரிந்த நாள்முதல் வயிறு எரிந்துகொண்டிருந்தது. அவளைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. பத்துப் பெண்களை வைத்துத் தைக்கிறாளாம், ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவாளாம், இன்று கொடுத்தால் நாளைக்கே வந்துவிடுமாம். அண்ணாச்சி ஒரு மாதமாகப் பாதிப் புடவைகளை அங்கே அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதியும் போய்விட்டால் முத்துலட்சுமிக்கு மாடியில் வேலை இல்லை.

திரும்பி வரும் புடவைகளைப் பிரித்துப் பார்ப்பதும் அவள்தான். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பாள். ஒரு சுருக்கம்? ஒரு நூல் பிசிறு? கிடையாது. பாவி, இவ்வளவு நன்றாகவா தைக்க வேண்டும்!

ஒரு வியாழக்கிழமை அபிராமபுரத்திலிருந்து கல்யாணக்காரர்கள் வந்து ஆறு புடவை எடுத்தார்கள். தாலி ஏறும்வரை முகூர்த்தப் புடவையில் ஊசி படக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மற்ற ஐந்துக்கு மட்டும் ஃபால்ஸ் தைத்தால் போதும், எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அப்படிப்பட்ட புடவையின் முந்தானையில், தைக்கக்கூடாது என்பதற்கு அடையாளமாக ஒரு மஞ்சள் நூல் முடிந்துவைப்பாள் முத்துலட்சுமி. இதற்கும் முடிந்தாள். அவள் டீ குடித்துவிட்டு வருவதற்குள், விற்பனையில் நிற்கும் ராகவேந்திரன் ஆறையும் பெருங்குடிக்குப் போகும் மூட்டைத் துணியில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார். மஞ்சள் நூல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்தாள்.

தைக்கட்டும், தைத்துப் பேரைக் கெடுத்துக்கொள்ளட்டும் மகராசி என்று மூட்டையை இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் மூட்டை வந்தது. ஐந்து புடவைகள் தைத்து வந்திருந்தன. ஆறாவது மடிப்புக்கூடக் கலையாமல், மேலே ஒரு சீட்டோடு இருந்தது: 'மஞ்சள் நூல் இருக்கிறது. முகூர்த்தப் புடவையோ என்று தொடவில்லை. லிசா.'

அண்ணாச்சி சீட்டையும் நூலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது உன் கை முடிச்சுல்லா. மூட்டையும் நீதான கட்டுன?"

"நான் இன்னா கண்டேன் அண்ணாச்சி? கவனிக்கல."

"பதினாலு வருஷத்துல உனக்குத் தெரியாம இங்க ஒரு ஊசி விழுந்ததில்ல தாயி." அவர் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "எல்லாத்தையும் வெளிய குடுக்க இத்தன நாளா ஏன் யோசிச்சேன் தெரியுமா? உன்ன மாதிரி பாத்துப் பாத்துச் செய்ய ஆளு கெடைக்காதுன்னுதான். கெடைச்சிட்டாளே."

முத்துலட்சுமிக்கு அழுகை வரவில்லை. மாதா கோயிலுக்குப் போகிறவளுக்கு மஞ்சள் நூல் எப்படித் தெரிந்தது என்று அப்போதும் வயிறுதான் எரிந்தது.